கல்யாணத்துக்குப் பூக்காத ரோஜா

எங்கள் மொட்டைமாடிக்கு வந்து ரோஜாச் செடிகளைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "என்ன உரம் போடறீங்க?" என்பதுதான். என் மனைவி சொல்கிற பதிலும் மாறாது. "உரம் கிடக்கட்டும். தினமும் காலைல வந்து ஒரு தடவை இலையைத் திருப்பிப் பாருங்க." கேட்டவரின் முகம் சுண்டிப்போகும். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு பொட்டலத்தின் பெயர். இவள் கொடுத்ததோ ஒரு வேலை. பக்கத்தில் நின்று அந்த முகங்களைப் பார்ப்பது எனக்குப் பெரிய பொழுதுபோக்கு.

நான் பெங்களூர் பீன்யாவில் வால்வு செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் சரக்கைத் திருப்பி அனுப்புவதுதான் என் பிழைப்பு. ஆகவே யாரையும் எதையும் அவ்வளவு சுலபத்தில் மெச்ச மாட்டேன். வேலையிடத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு, அதை இங்கே எழுதினால் மரியாதை போய்விடும். அப்படிப்பட்டவன் ஒருத்தியை மெச்சி எழுத உட்கார்ந்தது அவள் என் மனைவி என்பதற்காக அல்ல. கட்டினவளை மெச்சுவது ஊராரை மெச்சுவதைவிடச் சிரமம் என்பது கல்யாணமான எல்லா ஆண்களுக்கும் தெரியும்.

லிங்கராஜபுரத்தில் ஒரு குறுகலான தெருவில் எங்கள் வீடு. மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு துணிக்கொடி, மிச்ச இடமெல்லாம் ரோஜா. பாதி மண் தொட்டிகள், பாதி காலியான பெயின்ட் வாளிகள். காலையில் காபி டம்ளரோடு மேலே போவாள். ஒவ்வொரு செடியின் முன்னாலும் நின்று இலையின் அடிப்பக்கத்தைப் பார்ப்பாள். சிவப்புச் சிலந்திப்பூச்சி அங்கேதான் முதலில் குடியேறும். இருந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடுவாள், மற்ற நாட்களில் இலை நனையக் கூடாது, தண்ணீர் வேருக்குத்தான். அதுவும் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து, உள்ளே காய்ந்திருந்தால் மட்டும். ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழேயிருந்து கொழுகொழுவென்று ஒரு தளிர் கிளம்பினால் இரக்கமே இல்லாமல் அடியோடு பிய்த்துவிடுவாள். அது ஒட்டு வைத்த காட்டுச் செடியின் கிளையாம், மேலே இருப்பதன் சாப்பாட்டையும் சேர்த்துத் தின்றுவிடுமாம். வாடின பூவை வெட்டும்போது ஐந்து சிற்றிலை கொண்ட இலையாகப் பார்த்து, அதற்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுவாள். வெட்டின இடத்தில் மஞ்சளைக் குழைத்து ஒரு பொட்டு வைப்பாள்.

"செடிக்கு நலங்கு வெக்கிறியா?" என்று கேட்பேன்.

"உங்களுக்கு வெச்சதுக்கு இது எவ்வளவோ மேல். சொன்ன பேச்சு கேக்குது" என்பாள்.

இத்தனை செடிகளிலும் ஒன்று மட்டும் எங்கள் மகளுடையது. பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அவளை லால்பாக் மலர்க் கண்காட்சிக்குக் கூட்டிப்போயிருந்தோம். திரும்பும்போது வாசலுக்கு வெளியே ஒருவர் செடி விற்றுக்கொண்டிருந்தார். பூத்துக் குலுங்கிய செடிகளையெல்லாம் விட்டுவிட்டு, கறுப்புப் பிளாஸ்டிக் பையில் இரண்டு குச்சிகளாக நின்றிருந்த ஒன்றைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "இத வேற யாரும் எடுக்க மாட்டாங்கப்பா" என்றாள். காசைக் கரியாக்குகிறாள் என்று நான் பஸ் முழுக்க முணுமுணுத்தேன். அந்தக் குச்சிதான் இளஞ்சிவப்புப் பன்னீர் ரோஜாவாக வளர்ந்தது. அது பூத்தால் மாடிப்படியில் கால் வைக்கும்போதே வாசனை வந்துவிடும். மகளின் பிறந்தநாளுக்கு அதிலிருந்து ஒரு பூ என்பது பிறகு வீட்டு வழக்கமாகவே ஆகிப்போனது.

மகளுக்குத் தை மாதத்தில் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குப் புனேயில் வேலை, கல்யாணம் சித்திரையில். ஒருநாள் மாடியில் துணி எடுக்கப் போனவள், அந்தச் செடியருகே நின்றுகொண்டு, "அம்மா, என் ஜடைல இந்தச் செடிப் பூதான் வெக்கணும். மார்க்கெட் பூ வேணாம், அதுல வாசனையே இல்ல" என்றாள். சொன்னவள் அப்போதே மறந்திருக்கலாம். கேட்டவள் மறக்கவில்லை. கீழே வந்து நாள்காட்டி முன் நின்று, முகூர்த்த நாளிலிருந்து பின்னோக்கி விரல்விட்டு எண்ணினாள். கவாத்து செய்ததிலிருந்து பூ விரிகிற வரைக்கும் ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். அந்தக் கணக்குப்படி சரியான நாளில் கட்டரை எடுத்துக்கொண்டு போய்ச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி நிறுத்திவிட்டாள். மண்டபம், சமையல்காரர், பத்திரிகை என்று நான் அலைந்துகொண்டிருந்தேன். அவளும் எல்லாவற்றுக்கும் வந்தாள், ஆனால் மனசு மாடியில் இருந்தது.

அந்த வருஷக் கோடை பெங்களூருக்குப் பொல்லாத கோடை. தெருவில் ஒவ்வொரு வீட்டு போர்வெல்லாக வற்றியது. குழாயில் காவேரித் தண்ணீர் வந்தால் உண்டு. டேங்கர் லாரிக்குச் சொல்லிவிட்டு, வருகிறதா வருகிறதா என்று தெருமுனையைப் பார்த்தபடி நிற்போம். செடிக்கு ஒரு குடம் ஊற்றினால் எதிர்வீட்டுக்காரர் ஜன்னலில் வந்து நிற்பார். அப்போதுதான் என் மனைவிக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் சமையலறையில் குடிதண்ணீருக்கு ஆர்.ஓ. மெஷின் இருக்கிறது. ஒரு குடம் நல்ல தண்ணீர் கொடுப்பதற்குள் அது அதைவிட அதிகமாக வேஸ்ட் தண்ணீரை வெளியே தள்ளும். அந்தக் குழாயை ஒரு வாளியில் விட்டாள். சொட்டு வீணாகாமல் அத்தனையும் ரோஜாவுக்குப் போயிற்று.

இந்த யோசனை தெருவில் பிரபலமானது. அடுத்த வீட்டு ஆன்ட்டி, எங்களைப் போலவே தமிழ்க்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், அவர் வீட்டிலும் ரோஜா உண்டு, பூத்ததெல்லாம் சர்ச்சின் பலிபீடத்துக்குப் போகும். "உனக்கு என்னா மூளைம்மா! நான் இத்தன நாளா சிங்க்குல விட்டேனே" என்று அவரும் வாளி வைத்தார். அவரைப் பார்த்து மற்ற வீட்டுக்காரர்கள். தண்ணீரைச் சேமிக்கத் தெரிந்த பெண் என்று என் மனைவிக்குத் தெருவில் நல்ல பெயர். எனக்குமே கொஞ்சம் பெருமைதான், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

கவாத்து செய்த செடியில் சிவப்புத் தளிர்கள் வந்தன. முதலில் அழகாக வந்தன. பிறகு இலையின் ஓரங்கள் காய ஆரம்பித்தன. தீயில் காட்டி எடுத்த காகிதம் மாதிரி விளிம்பு மட்டும் பழுப்பாகி, உள்பக்கமாகச் சுருண்டது. இலையைத் திருப்பிப் பார்த்தாள், பூச்சி இல்லை. வேப்பெண்ணெய் தெளித்தாள், மாறவில்லை. மற்ற செடிகளும் ஒவ்வொன்றாக அதே கோலத்துக்கு வந்தன. வெயில் என்றார் ஒருவர். உரம் பத்தவில்லை என்றார் இன்னொருவர். கல்யாண வீடு, கண்ணுபட்டுவிட்டது என்று சொல்லி மிளகாய் சுற்றிப் போட்டார் என் அக்கா. மிளகாய் நெடியில் நாங்கள் எல்லோரும் இருமியதுதான் மிச்சம்.

நான் ஆத்திரக்காரன். "போய் நர்சரில புதுசா ஒண்ணு வாங்கிட்டு வரேன், இதே கலர்ல. யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன்.

"அவளுக்குத் தெரியும்" என்றாள். அவ்வளவுதான் பதில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மாடிக்குப் போனபோது அவள் மகளின் செடி முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தாள். மண் தொட்டியின் வெளிப்பக்கத்தில் வெள்ளையாகப் பூத்திருந்ததை நகத்தால் சுரண்டினாள். சுரண்டியதை நாக்கில் வைத்தாள்.

"ஏய், பைத்தியமா உனக்கு? கல்யாணத்த வெச்சுக்கிட்டு வயித்த கெடுத்துக்கப் போறியா?" என்று கத்தினேன்.

அவள் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. "உப்புங்க" என்றாள்.

கீழே வந்து இரண்டு எவர்சில்வர் தட்டுகளை எடுத்தாள். ஒன்றில் குடிக்கிற தண்ணீர், மற்றதில் வாளியில் பிடித்த வேஸ்ட் தண்ணீர். இரண்டையும் கொண்டுபோய் மாடியில் வெயிலில் வைத்து, காக்காய் வராமல் மேலே சல்லடையைக் கவிழ்த்தாள். மறுநாள் சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக என்னை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒரு தட்டு அப்படியே பளபளவென்று இருந்தது. மற்றதில் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளைப் படலம். டேங்கர் தண்ணீரே உப்பு. அந்த உப்பையெல்லாம் மெஷின் ஒதுக்கித் தள்ளுகிற தண்ணீரைத்தான் இத்தனை வாரமாகச் செடிக்கு ஊட்டியிருக்கிறாள். தரையில் ஊற்றினால் கீழே இறங்கிப் போயிருக்கும். தொட்டிக்குள் எங்கே போகும்? எங்கள் தொழிற்சாலையில் இப்படி ஒரு கோளாறு வந்தால், காரணம் கண்டுபிடிக்க ஒரு வாரம் மீட்டிங் போடுவோம், டீ வடை தீரும், காரணம் கிடைக்காது. இவள் இரண்டு தட்டிலும் ஒரு சல்லடையிலும் முடித்துவிட்டாள். சபாஷ் என்று வாய்விட்டே சொன்னேன். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. செடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் மெச்சுவது அந்தக் கண்டுபிடிப்பைக்கூட அல்ல. அடுத்து அவள் செய்ததைத்தான். வெள்ளை படிந்த தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். வீடு வீடாகப் போனாள். "நான் சொன்னது தப்பு. அந்தத் தண்ணிய செடிக்கு ஊத்தாதீங்க, உப்பு. தரை கழுவுங்க, பாத்ரூமுக்கு விடுங்க. செடிக்கு வேணாம்." தமிழ் வீட்டில் தமிழ், கன்னட வீட்டில் கன்னடம். "நந்தே தப்பு, ஆ நீரு ஹாக்பேடி" என்று அதே ராகத்தில் சொன்னாள். இத்தனை நாள் புகழ்ந்த தெரு அது. யாரும் கேட்காமல், யாரும் கண்டுபிடிக்காமல், தன் தப்பைத் தானே தட்டில் ஏந்திக்கொண்டு போவதற்கு எனக்குத் தைரியம் வந்திருக்காது. நானாக இருந்தால் செடி நர்சரிக்காரன் தலையில் பழியைப் போட்டிருப்பேன். அடுத்த வீட்டு ஆன்ட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "விடும்மா, நல்லது நெனச்சித்தானே செஞ்ச" என்றார். அப்போதுதான் அவள் கண் கலங்கியதைப் பார்த்தேன்.

உப்பைக் கழுவ உப்பில்லாத தண்ணீர் வேண்டும். கழுவுவது என்றால் சும்மா இல்லை, தொட்டியின் அடி ஓட்டை வழியாக ஒழுகி ஓட ஓட ஊற்ற வேண்டும். மழை பெய்தால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. குடிதண்ணீரை ஊற்றலாம் என்றால், வீட்டில் கல்யாணத்துக்கு வந்து தங்கப்போகிற சொந்தக்காரர்கள் வேறு.

தெருமுனையில் ஒரு பல் ஆஸ்பத்திரி இருக்கிறது. டேங்கர் வருகிறதா என்று பார்க்கப் போன இடத்தில் அவள் அதன் பக்கச் சுவரைக் கவனித்திருக்கிறாள். ஊர் முழுக்கப் புல் பூண்டு எல்லாம் காய்ந்து கிடக்கும்போது, அந்தச் சுவரின் அடியில், ஏ.சி. குழாய் சொட்டுகிற இடத்தில் மட்டும், ஒரு சின்னச் செடி பச்சைப் பசேலென்று நின்றிருக்கிறது. அந்தத் தண்ணீரைப் பிடித்துவந்து அதே தட்டுப் பரீட்சை வைத்தாள். தட்டு பளிங்காக நின்றது. மறுநாளே போய், அந்தத் தண்ணீரை ரோஜாச் செடிக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று ஆஸ்பத்திரி நர்ஸிடம் கன்னடத்தில் கேட்டாள், "சிஸ்டர், ஈ நீரு நான் தகொள்ளலா? ரோஜா கிடக்கே."

"தகொள்ளி ஆன்ட்டி. சுவரெல்லாம் ஈரம் ஆகுதுன்னு டாக்டரே பைதாடிட்டு இருக்காரு" என்றாள் அந்தப் பெண். டாக்டரே திட்டிக்கொண்டிருக்கிறார் என்றால் பிறகு என்ன, வாளி வைத்தாயிற்று. காலையில் ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி. கல்யாணப் பெண்ணின் அம்மா பட்டுப்புடவைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டு, வரும் வழியில் பல் ஆஸ்பத்திரி வாசலில் வாளியோடு நிற்பாள். "ரூட் கனால் முடிஞ்சிதா?" என்று நான் கேட்பேன். கேட்டுவிட்டு வாளியை நான்தான் வாங்கிக்கொள்வேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊற்ற ஊற்றச் செடி மூச்சு விட்டது. புது இலைகள் சின்னதாக, ஆனால் ஓரம் கருகாமல் வந்தன. அந்த மெலிந்த கிளைகளின் நுனியில், கல்யாணத்துக்குச் சில வாரங்களே இருந்தபோது, மொட்டுகள் அரும்பின. பட்டாணி அளவு. எனக்கு வாயெல்லாம் பல். வெற்றி என்று நினைத்தேன். மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் போனில் படம் எடுத்து மாப்பிள்ளைக்கு அனுப்பினாள்.

என் மனைவி வந்தாள். ஒவ்வொரு மொட்டாகத் தொட்டுப் பார்த்தாள். தண்டை இரண்டு விரலால் பிடித்து லேசாக அசைத்துப் பார்த்தாள். பிறகு கட்டைவிரல் நகத்தால் ஒரு மொட்டைக் கிள்ளினாள். அடுத்தது. அதற்கடுத்தது.

"ஏய்! என்ன பண்ற நீ?" என்று நான் அலறினேன்.

"இதுக்கு இப்ப வேர்ல சத்தே இல்லங்க. இருக்கற உசுர எல்லாம் திரட்டி மொட்டு வெச்சிருக்கு. பூக்க விட்டா பூக்கும். அப்புறம் செடி இருக்காது."

மகள் மெதுவாகக் கேட்டாள். "ஒண்ணே ஒண்ணு விடும்மா. ஒண்ணு போதும்."

என் மனைவி அந்தக் கடைசி மொட்டைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். அவளுக்கு அந்தப் பூவின் மேல் இருந்த ஆசை எங்கள் இருவருக்கும் சேர்த்து இருந்ததைவிட அதிகம். அது எனக்குத் தெரியும். நாள்காட்டி முன் நின்று விரல்விட்டு எண்ணியதை நான் பார்த்திருக்கிறேன். "முடியாதுடா" என்று சொல்லிக் கிள்ளிவிட்டாள்.

மகள் கீழே இறங்கிப் போனாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். செடி பெரிசா, பொண்ணு பெரிசா என்று கேட்டுவிட்டேன். அவள் கிள்ளிய மொட்டுகளைப் பொறுக்கி அதே தொட்டி மண்ணில் போட்டாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மகளின் ஜடையில் மார்க்கெட் ரோஜா, பெரிதாக, சிவப்பாக, வாசனை இல்லாமல். எல்லோரும் அழகு என்றார்கள், அழகாகத்தான் இருந்தாள். அவளும் எங்கள் வீட்டு ரோஜாவைப் பற்றிப் பேசவில்லை, இவளும் பேசவில்லை. புனேக்கு அனுப்பிவிட்டு வந்த அன்றைக்கு என் மனைவி புடவைகூட மாற்றாமல் மாடிக்குப் போய்விட்டாள். நான் பின்னால் போகவில்லை. அழுவதற்கு ஒரு இடம் வேண்டுமல்லவா.

பிறகு மழை வந்தது. வைகாசியில் தொடங்கி, சாயங்காலம் ஆனால் போதும், இடியும் மின்னலுமாகக் கொட்டியது. தொட்டிகளின் அடியிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கையளவு மக்கிய சாணியும் வேப்பம் புண்ணாக்கும் வைத்தாள். அடியிலிருந்து விரல் தடிமனில் ஒரு தளிர் புறப்பட்டது. ஒட்டுக்கு மேலேதானா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள். ஒட்டுக்கு மேலேதான். அதைப் படமெடுத்து மகளுக்கு வாட்ஸப்பில் அனுப்பினாள். மகளிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. அடுத்த படத்துக்கும் ஒரு கட்டைவிரல். "படிச்ச பொண்ணு, ஒரு வார்த்த எழுதக் கூடாதா?" என்று நான் சிடுசிடுத்தேன். இவள் தினமும் அனுப்பிக்கொண்டே இருந்தாள்.

ஆடிக்குப் புதுப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆபீஸில் வீட்டிலிருந்தே வேலை செய்வதாகச் சொல்லிவிட்டு லேப்டாப்போடு வந்தாள் மகள். சீர்த்தட்டு, புதுப்புடவை, பாயசம் எல்லாம் ஒருபுறம் இருக்க, காபி குடித்த கையோடு அம்மா அவளிடம் கட்டரை நீட்டினாள். "மேல போ" என்றாள்.

மாடிப்படியில் கால் வைத்ததுமே மகள் நின்றுவிட்டாள். வாசனை. அப்புறம் ஓடினாள்.

செடி என் இடுப்பைத் தாண்டி நின்றது. இலைகள் எண்ணெய் தடவியது போல மின்னின. நான் இந்த ஊரில் எத்தனையோ ரோஜா பார்த்திருக்கிறேன், கண்காட்சிகளில் கண்ணாடி போட்டுக் குறை தேடியிருக்கிறேன். இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நுனியில் ஒரு கொத்தாகப் பூக்கள், அத்தனை இதழ்களோடு தலை கனத்துத் தொங்கின.

மகள் குனிந்து, கீழே ஐந்து சிற்றிலை இருக்கிறதா என்று பார்த்து, சாய்வாக ஒன்றை வெட்டினாள். முகர்ந்தாள். ஜடையில் வைத்துக்கொண்டு அம்மாவின் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டி, சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். இவள் நகர்த்தி வைத்தாள். நான் அத்தோடு சரி என்று நினைத்துக் கீழே இறங்கப் போனேன்.

அப்போது மகள் செடியின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். அடியில் குச்சியாக ஒரு மெலிந்த கிளை. அதன் நுனியில் ஒரு மொட்டு. தண்டை இரண்டு விரலால் பிடித்து லேசாக அசைத்துப் பார்த்தாள். கட்டைவிரல் நகத்தால் அந்த மொட்டைக் கிள்ளித் தொட்டி மண்ணில் போட்டாள்.

"இது இப்ப பூக்க வேணாம்மா. தேறட்டும்" என்றாள்.

என் மனைவி தலையாட்டினாள். கல்யாணத்தன்று தாலி ஏறும்போதுகூட அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை.